உத்திரத்துல கட்டெறும்பு: ஸ்ப்ரேயா, பவுடரா, கம்பெனியா, சீனித்தண்ணியா, ஆசாரியா?

அம்மா வீட்டு குசினியில தட்டு கழுவுற தொட்டிக்கு நேர் மேல ஒரு உத்திரம் போகுது. போன நவம்பர் மழையில இருந்து அதுக்குக் கீழ தினம் காலையில கொஞ்சம் மரத்தூள் கொட்டிக் கெடக்குதுன்னு அம்மா போன்ல சொன்னாங்க, நானும் பழைய பலகை வீடு தானே, கூட்டி அள்ளிடுங்கம்மான்னு சொல்லிட்டு விட்டுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுக்குப் போனப்ப ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு லைட்ட போட்டேன், வெளிய துணி காயப்போடுற கம்பி வழியா ஜன்னலுக்கு வந்து சுவர் ஏறி அந்த உத்திரத்து வெடிப்புக்குள்ள வரிசையா போயிட்டிருக்கு, கறுகறுன்னு, ஒவ்வொண்ணும் அரை இன்ச்சுக்கு. கட்டெறும்பு தான். பகல்ல ஒண்ணு ரெண்டு மட்டும் சுத்தும், ராத்திரி தான் அதுங்களுக்கு வேலை நேரம், அதனால தான் அம்மா கண்ணுல இத்தனை நாள் படல.

அதுல இருந்து வீட்டுல ஆளுக்கு ஒரு யோசனை. மாமா மண்ணெண்ணெய ஊத்துன்னாரு, அண்ணன் கம்பெனிக்காரன கூப்பிடுன்னான், பக்கத்து வீட்டு அக்கா கடையில பவுடர் விக்குது பாருன்னாங்க, ஆசாரி மரத்தையே மாத்திடலாம்னாரு. எல்லாத்தையும் விசாரிச்சு, சிலத செஞ்சும் பார்த்துட்டு இத எழுதுறேன், ஏன்னா இந்தப் பக்கம் இன்னும் நெறைய பேரு இதே மாதிரி பலகை வீட்டுல தான் இருக்காங்க.

எங்க ஊரு மலேசியாவுல சிலாங்கூர்ல இருக்குற பத்தாங் பெர்ஜுந்தை. போர்டுல பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க ஆனா எங்க வாயில பழைய பேரு தான் வருது. 1917ல மலேசியாவுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்காக செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்ட ‘தென்னமரம்’னு பேரு வச்ச தோட்டம் இந்தப் பக்கம் தான், சுத்தி எங்க பார்த்தாலும் தோட்டம் தான். அம்மா அப்பா ரெண்டு பேரும் தோட்டத்துல தான் வேலை செஞ்சாங்க. லயத்த, அதாவது தோட்டத்துல வேலை செய்றவங்க இருந்த வரிசை வீட்ட, இடிச்சப்ப அப்பா அந்தப் பலகைங்கள வெல பேசி வாங்கி லோரியில ஏத்திக்கிட்டு வந்து தான் இந்த வீட்டோட பின்பக்கத்தக் கட்டுனாரு. அப்பா இப்ப இல்ல. அதனால மரத்த மாத்துன்னு யார் சொன்னாலும் அம்மா முகம் வாடிப் போயிடும், இதையும் மனசுல வச்சுக்கிட்டு தான் நான் முடிவு எடுக்க வேண்டி இருந்துச்சு.

மொதல்ல ஒண்ணு, இத செய்யாம எந்த மருந்தும் வாங்காதீங்க. விழுற தூள ஒரு வெள்ளப் பேப்பர்ல புடிச்சு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. நாங்க பேப்பர தொட்டிக்கு மேல இருக்குற தட்டுல ஒட்டி வச்சோம். கட்டெறும்பு தூள் ரம்பத்துல அறுத்த தூள் மாதிரி சின்னச் சின்ன நாரா இருக்கும், அதுக்குள்ள செத்த எறும்போட காலு தலை மத்த பூச்சியோட றெக்கைன்னு குப்பையும் கலந்திருக்கும், ஏன்னா அதுங்க கூட்ட சுத்தம் பண்ணி எல்லாத்தையும் வெளிய தள்ளுதுங்க. கசகசா மாதிரி உருண்டை உருண்டையா ஒரே அளவா இருந்துச்சுன்னா அது காஞ்ச மரத்துல இருக்குற கரையானோட எச்சம். கோதுமை மாவு மாதிரி நைஸா இருந்து மரத்துல குண்டூசி ஓட்டை இருந்தா அது மரத்த உளுக்கடிக்கிற வண்டு, ரப்பர் மரப் பலகையில இது ரொம்ப வரும். மண்ணுல இருந்து சுவர் மேல பென்சில் தடிமனுக்கு மண்ணால குழாய் கட்டி ஏறுனா அது மண்ணு கரையான், அது பெரிய தலைவலி, அதுக்குக் கீழ சொல்ற எதுவும் சரிப்பட்டு வராது.

றெக்கை வச்சது மழைக்கு அப்புறம் லைட்ட சுத்தி வந்தாலும் கொழப்பிக்காதீங்க. ஒண்ண புடிச்சுப் பாருங்க, இடுப்பு ஒடுங்கி, மீசை நடுவுல மடங்கி, முன் றெக்கை பெருசு பின் றெக்கை சின்னதுன்னா எறும்பு. இடுப்பே இல்லாம தடியா, நாலு றெக்கையும் ஒரே நீளம்னா ஈசல், அதாவது கரையான்.

இது ஏன் அவ்வளவு முக்கியம்னா கரையான் மரத்த திங்குது, கட்டெறும்பு மரத்த திங்கவே திங்காது. அது மரத்தக் கொடஞ்சு உள்ள அறை அறையா செஞ்சு குஞ்சுங்கள வச்சுக்குது, சாப்பாட்டுக்கு வெளிய தான் போகுது, இனிப்பு, செத்த பூச்சி, அப்புறம் செடியில இருக்குற மாவுப்பூச்சி விடுற தேன் மாதிரி தண்ணி. அதுவும் நல்ல கெட்டி மரத்த விட ஏற்கெனவே நனைஞ்சு மெதுவாப் போன மரம், ஏற்கெனவே பொந்து விழுந்த மரம் தான் அதுக்குப் புடிக்கும். அதனால கரையான் மாதிரி வேகமா வீட்ட காலி பண்ணாது. பதறாம யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கு, ஆனா வருஷக் கணக்கா விட்டுட்டா உத்திரம் உத்திரமா இருக்காது.

மாமா சொன்ன வழிய மொதல்ல சொல்லிடுறேன். அவரு சொல்லிட்டு சும்மா இருக்கல, நான் அடுத்த தடவ வர்றதுக்கு முன்னாடியே கடையில ஒரு கேன் ஸ்ப்ரே வாங்கி வெடிப்புல அடிச்சுட்டாரு. நூறு எறும்பு தொட்டியில விழுந்துச்சு, அம்மாவும் சந்தோஷமா கூட்டித் தள்ளுனாங்க, நாலாவது நாள் அதே உத்திரத்துல நாலடி தள்ளி புதுசா தூள் கொட்ட ஆரம்பிச்சுடுச்சு. கடை ஸ்ப்ரேல பெரும்பாலும் இருக்குற மருந்து தொட்டதக் கொல்லும், மிச்ச எறும்புங்க அந்த எடத்தையே ஒதுக்கி வேற வழி பாத்துக்கும். ராணி உள்ள பத்திரமா இருக்கு, வெளிய நடமாடுறது கூட்டத்துல ஒரு பங்கு தான். உங்களுக்கு அது எங்க போச்சுன்னு தேடுற வேலை கூடுதலா வந்துடும். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், பலகை வீடு, கீழ கேஸ் அடுப்பு, மேல பழைய வயரு. மாமாகிட்ட கோவப்படாம இத எடுத்துச் சொன்னேன், அவரும் கேட்டுக்கிட்டாரு.

இங்க இன்னொண்ணு சொல்லாம போக முடியல. தோட்டத்து ஊருல பலரோட ஸ்டோர்ல செடிக்கு அடிக்கிற மருந்து மிச்சம் ஏதாவது ஒரு பாட்டில்ல இருக்கும், அத எடுத்து வீட்டுக்குள்ள அடிக்கிறவங்கள நான் பார்த்திருக்கேன். எங்க அம்மா முதுகுல டாங்கி மாட்டி பல வருஷம் பாராகுவாட் அடிச்சவங்க, நகம் எல்லாம் எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியும். அந்த மருந்த மலேசியாவுல 2020ல இருந்து தடையே பண்ணிட்டாங்க. அது களைக்கு அடிக்கிறது, எறும்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தோட்டத்து மருந்து எதுவா இருந்தாலும் சோறு ஆக்குற எடத்துக்குள்ள கொண்டு வராதீங்க, குளிர்பான பாட்டில்ல ஊத்தி வைக்கவே வைக்காதீங்க.

ரெண்டாவது அக்கா சொன்ன பவுடர். கூடு எங்க இருக்குன்னு உறுதியாத் தெரிஞ்சா இது நல்ல வழி, மரத்துல சின்னதா ஓட்டை போட்டு அந்த அறைங்களுக்குள்ள பவுடர ஊதி விட்டா ஒண்ணு மேல ஒண்ணு பட்டு ஒரு வாரத்துலயே அடங்கிடும்னு சொல்றாங்க. கதவு நிலை, வாசல் தூண், வெளிய இருக்குற பலகைன்னா நான் இதத் தான் செஞ்சிருப்பேன். ஆனா எங்க உத்திரம் தொட்டிக்கு மேல, காய் கழுவுறது தட்டு கழுவுறது எல்லாம் அங்க தான், வெடிப்புல இருந்து பவுடர் கீழ கொட்டாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால விட்டுட்டேன். அடுத்தது, உத்திரத்துல இருக்குறது தான் தாய்க்கூடான்னு எனக்கு சந்தேகம் இருந்துச்சு.

அந்த சந்தேகம் தான் எல்லாத்தையும் மாத்துச்சு. கட்டெறும்பு ஒரே எடத்துல குடியிருக்கணும்னு இல்ல. ராணியும் முட்டையும் ஈரமான ஒரு எடத்துல தாய்க்கூட்டுல இருக்கும், கூட்டம் பெருசானதும் கிளைக்கூடுங்க வேற எடத்துல போடும், அதுல வேலைக்கார எறும்புங்களும் வளர்ந்த குஞ்சுங்களும் மட்டும் இருக்கும். வீட்டுக்குள்ள பாக்குறது பல தடவ அந்த கிளை தான், தாய் வெளிய ஒரு மரத்துல இருக்கும். கிளைய மட்டும் அழிச்சா தாய் மறுபடியும் ஆள் அனுப்பும்.

அத கண்டுபிடிக்க காசு வேணாம், தூக்கம் தான் போகும். ஒரு சனிக்கெழம ராத்திரி ஒன்பது மணிக்கு மேல டார்ச் லைட் முன்னாடி சிவப்பு கண்ணாடிப் பேப்பர சுத்திக்கிட்டு நானும் அம்மாவும் வெளிய போனோம், எறும்புக்கு சிவப்பு வெளிச்சம் சரியா தெரியாது அதனால கலையாம போயிட்டே இருக்கும். ஜன்னல்ல இருந்து துணிக்கம்பி, கம்பியில இருந்து மாமரம், மாமரத்துல ஒரு கிளை தகரக் கூரைய உரசிக்கிட்டு நிக்குது அது வழியாவும் ஒரு வரிசை, ரெண்டும் அடிமரத்துல முன்ன ஒரு கிளை முறிஞ்ச எடத்துல இருக்குற பொந்துக்குள்ள போய்ச் சேருது. அம்மா அங்கயே நின்னு, இந்தக் கம்பி உங்கப்பா கட்டுனதுன்னாங்க, வேற ஒண்ணும் சொல்லல.

இப்ப கம்பெனி. அண்ணன் சொன்னான்னு ரெண்டு பேர கூப்பிட்டேன். மொத ஆளு பகல் ரெண்டு மணிக்கு வந்தாரு, உத்திரத்த ஏறிக் கூட பாக்கல, தூள காட்டுனேன் அதையும் பாக்கல, கரையான் தான்னு சொல்லிட்டு வீட்ட சுத்தி சிமெண்டு தரையில ஓட்டை போட்டு மருந்து ஏத்தணும் 1,800 வெள்ளி (ரிங்கிட்)ன்னாரு. மண்ணு கரையானுக்கு அது சரியான வைத்தியம் தான், ஆனா கூரைக்குக் கீழ உத்திரத்துலயும் மாமரத்துலயும் குடியிருக்குற எறும்புக்குத் தரைக்கு அடியில மருந்து ஏத்தி என்ன பண்றது. ரெண்டாவது ஆளு சாயங்காலம் இருட்டுற நேரத்துல வர்றேன்னு அவரே சொன்னாரு, வந்து ஸ்குரூ டிரைவர் பிடியால மரத்தத் தட்டித் தட்டிக் கேட்டாரு, கெட்டியா இருக்குற எடத்துல டக்குன்னும் பொந்து விழுந்த எடத்துல டொக்குன்னும் கேக்குது, எங்களையும் காத வச்சுக் கேக்கச் சொன்னாரு, உள்ள சரசரன்னு சத்தம். எறும்பு மோப்பம் புடிக்க முடியாத வகை மருந்து, ஃபிப்ரோனில் மாதிரி, அத அது நடக்குற பாதையில அடிச்சா தெரியாம மிதிச்சு கூட்டுக்குள்ள கொண்டு போகும், கூடவே எறும்பு திங்குற மருந்து ஜெல்லும் வைப்பேன், மொத்தம் 350 வெள்ளி, மூணு வாரத்துல ஒரு தடவ திரும்ப வந்து பாப்பேன்னாரு. நியாயமான பேச்சு. நான் கடைசியில அவர கூப்பிடலனாலும் அவரு வழி தப்பே இல்ல, வாரா வாரம் வந்து பாக்க ஆள் இல்லாத வீடு, வயசானவங்க தனியா இருக்குற வீடு, பொந்து எட்டாத உயரத்துல இருக்குற வீடுன்னா நேரா இப்படி ஒருத்தரத் தான் கூப்பிடுவேன்.

யாரக் கூப்பிட்டாலும் லைசன்ஸ காட்டச் சொல்லுங்க. 1974 பூச்சிக்கொல்லிச் சட்டத்துப்படி காசு வாங்கி மருந்து அடிக்கிறவங்களுக்கு லைசன்ஸ் வேணும், மருந்து டப்பாவுலயும் பதிவு நம்பர் இருக்கணும். கேட்டா கோவப்படுறவங்கள வீட்டுக்குள்ள விட வேணாம்.

நான் எடுத்த வழி போரிக் சீனித்தண்ணி. போரிக் ஆசிட் தெரியாத சாமான் இல்ல, கேரம் போர்டுல வழுக்கறதுக்குப் போடுற பவுடர் பலதும் இது தான், மூவார் பக்கம் ஃபர்னிச்சர் செய்ற ரப்பர் மரப் பலகைய பூச்சி அரிக்காம இருக்க ஊற வைக்கிறதும் இந்த போரான் உப்புல தான். எறும்பு இத இனிப்புன்னு நெனச்சு வயித்துல நெரப்பிக்கிட்டுப் போய் வாய்க்கு வாய் மத்ததுக்கு ஊட்டும், குஞ்சுக்கும் ஊட்டும், ராணிக்கும் ஊட்டும். நம்மளால போக முடியாத பொந்துக்குள்ள அதுவே கொண்டு போகுது, எனக்கு இது மேல நம்பிக்கை வந்ததுக்கு இது தான் காரணம்.

அளவுல தான் எல்லாரும் தப்பு பண்றாங்க. கூட போட்டா சீக்கிரம் சாகும்னு நெனச்சு அள்ளிப் போடுவாங்க, அப்படி போட்டா குடிச்ச எறும்பு வழியிலயே செத்துடும், கூட்டுக்கு ஒண்ணும் போய்ச் சேராது, ருசி மாறிப்போய் தொடாமலும் விட்டுடும். நூத்துக்கு ஒரு பங்கு தான் கணக்கு. ரெண்டு கப் சுடுதண்ணி, தலை தட்டுன ஒரு டீஸ்பூன் போரிக், அரை கப் சீனி, நல்லா கரையுற வரைக்கும் கலக்கணும். மூடியில பஞ்சு வச்சு நனைச்சு எறும்பு போற வழி ஓரத்துல வச்சேன், மாமரத்தடியில ரெண்டு, ஜன்னல் வெளிய ஒண்ணு. வீட்டுக்குள்ள வைக்கல. நம்ம ஊரு வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல புளிச்சுடும், புதுசா மாத்தணும், ஞாயித்துக்கெழம நானும் நடுவுல அம்மாவும் மாத்துனோம். வைக்கிற எடத்துல ஸ்ப்ரே அடிக்கக் கூடாது, எறும்பு வரிசையக் கழுவித் துடைக்கவும் கூடாது, மொத ரெண்டு நாள் எறும்பு நெறைய வந்து மொய்க்கும் பயப்படக் கூடாது. அம்மாவுக்கு அது தான் கஷ்டமா இருந்துச்சு, கண்ணு முன்னாடி எறும்பு மொய்க்குறத பாத்துக்கிட்டு துடைக்காம இருக்கணுமே.

இனிப்ப தொடலன்னா சோர்ந்துடாதீங்க. குஞ்சு நெறைய இருக்குற நேரத்துல அதுங்களுக்குக் கவிச்சி தான் வேணும். ஒரு மூடியில வெறும் சீனித்தண்ணி, இன்னொண்ணுல சார்டின் துண்டு, ரெண்டையும் மருந்து இல்லாம ராத்திரி வச்சுப் பாருங்க, எங்க போகுதோ அதுக்கு ஏத்த ஜெல்ல வாங்குங்க. கட்டெறும்பு சாப்பாட்டுல ரொம்ப பாத்துப் பாத்து எடுக்குற ஜாதி, ஒரு வாரம் வச்சும் தொடலன்னா வழிய மாத்துங்க, பிடிவாதமா ஒரு மாசம் காத்திருக்காதீங்க.

கொழந்தை இருக்குற வீட்டுல, பூனை நாய் இருக்குற வீட்டுல மூடியத் தெறந்து வைக்காதீங்க, மூடி போட்ட டப்பாவுல எறும்பு மட்டும் நுழையுற ஓட்டை போட்டு கல்லு வச்சு நிறுத்துங்க. போரிக் ஆசிட கேரம் பவுடர் தானேன்னு நெனச்சு அசட்டையா இருக்கக் கூடாது, மீ நூடுல்ஸ், மீன் உருண்டைல எல்லாம் கலக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல தடையே இருக்கு. மிச்சத்துல பேரு எழுதி ஒட்டி உயரத்துல வைங்க.

இதோட குறைய மறைக்க மாட்டேன், ரொம்ப நேரம் எடுக்கும். எங்களுக்கு மூணாவது வாரம் வரைக்கும் ஒரு மாத்தமும் தெரியல, அண்ணன் தினம் போன் போட்டு என்னாச்சுன்னு கேட்டான். நாலாவது வாரம் வரிசை மெலிஞ்சுது, ஆறாவது வாரம் ராத்திரி பத்து நிமிஷம் நின்னாலும் ரெண்டு மூணு தான் கண்ணுல பட்டுச்சு. மொத்த செலவு பத்து வெள்ளிக்குள்ள.

ஆனா சீனித்தண்ணியோட நிறுத்தியிருந்தா அடுத்த மழைக்கு வேற கூட்டம் வந்திருக்கும், இத ஆசாரி தான் எனக்குப் புரிய வச்சாரு. அவர நான் மரத்த மாத்தச் சொல்லி கூப்பிடல, எவ்வளவு போச்சுன்னு பாத்துச் சொல்ல மட்டும் கூப்பிட்டேன். அவரு உத்திரத்த விட்டுட்டு நேரா கூரை மேல ஏறுனாரு. தகரத்துல ஆணி அடிச்ச ஓட்டை துருப்பிடிச்சு பெருசாகி, மழைத்தண்ணி சொட்டுச் சொட்டா உத்திரத்துல எறங்கியிருக்கு, மாமரத்துச் சருகு பீலிய அடைச்சு அந்தத் தண்ணியும் உள்பக்கம் வழிஞ்சிருக்கு. இந்த மரம் காஞ்சு இருந்தா எறும்பு இத சீண்டியிருக்காதும்மா, லயத்துப் பலகை உங்க ஆயுசுக்கும் இருக்கும்னாரு. அந்த ஒரு வார்த்தையில அம்மாவுக்கு முகமே மாறிடுச்சு.

ஆறு அடி மட்டும் அறுத்து எடுத்து மருந்து ஏத்துன மரத்த சேத்தாரு, ஆணி ஓட்டைய அடைச்சாரு, பீலிய சுத்தம் பண்ணாரு, கூரைய உரசுற கிளைய வெட்டுனாரு, எல்லாம் சேத்து 420 வெள்ளி. செங்கால்னு ஒரு கெட்டி மரம் இருக்கு, அத போடலாம்னு கேட்டேன், வெலைய சொன்னாரு, அதோட விட்டுட்டேன். அறுத்த துண்ட திருப்பிப் பார்த்தா உள்ள அறை அறையா, சுவரெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி வழுவழுன்னு, ஒரு பொட்டு மண்ணு கூட இல்ல. மண்ணு கரையான் கொடஞ்சா அதுக்குள்ள மண்ணு அப்பியிருக்கும், எறும்புன்னு அங்க தான் சந்தேகமே இல்லாம தெரிஞ்சுது. உள்ள நாலஞ்சு எறும்பு தான் தள்ளாடிக்கிட்டு இருந்துச்சு.

வரிசைய மாத்தி செஞ்சிருந்தா, அதாவது மொதல்ல மரத்த அறுத்திருந்தா, உசுரோட இருந்த மொத்தக் கூட்டமும் கலைஞ்சு பக்கத்துப் பலகைக்குப் போயிருக்கும். அதனால சீனித்தண்ணி மொதல்ல, ஆசாரி அப்புறம். கூரை ஒழுக்க மட்டும் எதுக்கும் காத்திருக்காம அடைச்சுடுங்க, அது நான் பண்ணுன தப்பு, ஆறு வாரம் ஒழுக விட்டுட்டேன். உத்திரம் தொங்கிப் போயிருந்தா, ஸ்குரூ டிரைவர் குத்துனா உள்ள எறங்குதுன்னா, அப்ப எறும்பு இருக்கோ இல்லையோ அன்னைக்கே ஆசாரிய கூப்பிட்டு முட்டுக் குடுத்துடுங்க. மாமரத்து அடிமரத்த நாங்க வெட்டல. வீட்டத் தொடாம அது பாட்டுக்கு இருக்கட்டும், துணிக்கம்பிய மட்டும் ஜன்னல விட்டு மூணடி தள்ளிக் கட்டிட்டோம்.

வெள்ளப் பேப்பர அம்மா இன்னும் எடுக்கல. ஞாயித்துக்கெழமையானா புதுசா ஒண்ணு ஒட்டி மூலையில தேதி எழுதுறாங்க, பழசெல்லாம் சாமி மேடைக்குக் கீழ காலண்டரோட அடுக்கி வச்சிருக்காங்க. நேத்து போனப்ப எடுத்து ஒண்ணொண்ணா காட்டுனாங்க, பதினொரு பேப்பர், பதினொண்ணுலயும் தேதிய தவிர ஒண்ணும் இல்ல.